ஞாயிறு மூன்றரை முதல் ஐந்தரை வரை: பெண் பிள்ளைகள் குழுவுக்கு விளையாட்டுத் திட்டம் போடுவது பற்றிச் சில குறிப்புகள்

போன வாரம் ஒரு தோழி போன் செய்தார். "எங்க ஊர்ல பதினஞ்சு இருபது பொம்பளப் பிள்ளைகள வச்சு ஒரு குழு ஆரம்பிக்கப் போறோம். பதினொண்ணுல இருந்து பதினேழு வயசு வரைக்கும். நீங்கதான் நாட்டுப்புற விளையாட்டுல ஆராய்ச்சி பண்ணவங்களாச்சே, ஒரு லிஸ்ட் குடுங்க" என்றார்.

லிஸ்ட் கொடுப்பது சுலபம். தட்டாங்கல், பல்லாங்குழி, பாண்டி, தாயம், கோலாட்டம், கும்மி, கிளித்தட்டு என்று என் ஆய்வேட்டில் இருந்தே இரண்டு பக்கம் எடுத்துக் கொடுத்துவிடலாம். நானும் 2022 ஜூனில் அந்த லிஸ்ட்டை வைத்துக்கொண்டுதான் எங்கள் ஊரில் (விருதுநகர் மாவட்டம், மானாவாரிக் காட்டு ஊர், பெயர் வேண்டாம்) ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழுவை ஆரம்பித்தேன். முதல் வாரம் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். நான்காம் வாரம் ஏழு பேர். அந்த ஏழு பேரில் மூன்று பேர் என் சொந்தக்காரப் பிள்ளைகள், வராவிட்டால் வீட்டில் பேச்சு விழும் என்று வந்தவர்கள்.

அந்த முதல் திட்டத்தின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு வாரத்துக்கு எழுதியிருந்தேன். அதில் ஒன்பது வாரத்தில் "விழிப்புணர்வு" என்ற சொல் இருக்கிறது. சுகாதார விழிப்புணர்வு, சட்ட விழிப்புணர்வு, ஊட்டச்சத்து விழிப்புணர்வு. கடைசி அரைமணி நேரம் மட்டும் "விளையாட்டு". எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நேராகவே கேட்டாள்: "ஏன்க்கா, ஸ்கூல்லயும் இதத்தான சொல்றாங்க. ஞாயித்துக்கெழமையும் எதுக்கு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், நான் விளையாட்டைத் தூண்டில் புழு மாதிரி வைத்திருந்தேன் என்று புரிந்தது. பிள்ளைகள் மீன் இல்லை. புழுவையும் பார்க்கிறார்கள், முள்ளையும் பார்க்கிறார்கள். அதனால் இந்தக் குறிப்பில் விளையாட்டு லிஸ்ட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் சரி செய்ய வேண்டிய காரியங்களைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன்.

முதலில் நேரம்.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள், இது விளையாட்டு மாதிரியும் இருக்கும். தரையில் சாக்பீஸால் ஏழெட்டுக் கட்டம் போடுங்கள். தூக்கம், பள்ளிக்கூடம், படிப்பு, வீட்டு வேலை, சாப்பாடு குளியல், டிவி செல்போன், சும்மா இருப்பது அல்லது விளையாட்டு. ஆளுக்கு 24 புளியங்கொட்டை. ஒரு கொட்டை ஒரு மணி நேரம். நேற்று எப்படிப் போனது என்று கட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். யாரும் எழுத வேண்டாம், பேச வேண்டாம். நாங்கள் இதைச் செய்தபோது ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை கடைசிக் கட்டத்தில் வைக்கக் கொட்டை இல்லாமல் கையை விரித்தாள். பிறகு வீட்டு வேலைக் கட்டத்தில் இருந்து ஒன்றை எடுத்து, "இத ஒடைச்சு பாதியா வைக்கலாமாக்கா? தண்ணி எடுக்கப் போறப்ப அடிபம்புல விளையாடுவோம்" என்றாள். அவளுடைய அண்ணன் பத்தாவது. அவனைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னோம். அவன் அந்தக் கட்டத்தில் நான்கு கொட்டை வைத்தான், அதுவும் சங்கடப்பட்டுக்கொண்டே. அவ்வளவுதான், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நோட்டில் எழுதி வைத்திருந்த "பாலினச் சமத்துவ விழிப்புணர்வு" வகுப்பு அதோடு முடிந்துபோனது.

இந்தக் கட்டத்தில் இருந்துதான் எங்கள் நேரத்தையும் கண்டுபிடித்தோம். நான் முதலில் காலை பத்து மணி என்று வைத்திருந்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெண் பிள்ளைகள் ஆளுக்கொரு வாரத்து யூனிபாரத்தைத் துவைத்துக்கொண்டிருப்பார்கள். கறி எடுத்து வந்திருந்தால் மசாலா அரைத்துக்கொண்டிருப்பார்கள். சில பேருக்குச் சர்ச் உண்டு. மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிய மூன்று மணி. ஆறு மணிக்கு வாசல் தெளித்து விளக்கு வைக்க வேண்டும். நடுவில் கிடைப்பது மூன்றரை முதல் ஐந்தரை. உங்கள் ஊரில் இது வேறு மாதிரி இருக்கலாம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு வேலைக்குப் பெரியவர்கள் போகும் ஊர் என்றால் சனிக்கிழமை சம்பள நாள், சாயங்காலம் வீட்டில் வேலை கூடும். கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது இடம். இதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பொதுவான மைதானம் ஒன்று இருக்கிறது. அதில் ஞாயிற்றுக்கிழமை பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஒரு வாரம் நாங்கள் ஓர் ஓரமாகப் பாண்டிக்குக் கோடு போட்டோம். பந்து வந்தது. பந்தைப் பொறுக்க வந்தவன் கோட்டின் மேலேயே நடந்து போனான். அடுத்த பந்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். எனக்கு அப்போது பிள்ளைத்தமிழ்தான் ஞாபகம் வந்தது. பத்துப் பருவத்தில் ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவம் சிற்றில், சிறுபறை, சிறுதேர். அதில் சிற்றில் பருவம் என்பது பெண் பிள்ளைகள் மணலில் கட்டி விளையாடும் சிறுவீட்டைப் பையன் காலால் சிதைக்க வருவதும், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதும். பெண்பால் பிள்ளைத்தமிழில் இதற்கு ஈடாக வரும் பருவங்கள் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் என்று அமைகின்றன. அந்தப் பக்கத்தில் யாரும் யாருடைய வீட்டையும் சிதைப்பதில்லை. பக்திப் பாட்டாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மைதானத்தில் நின்று பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

பையன்களோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் மைதானத்தை விட்டுக்கொடுத்ததும் தப்பு என்று இப்போது நினைக்கிறேன். இந்த வருடம் பஞ்சாயத்தில் பேசி மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்கு என்று வாங்கியிருக்கிறோம்.

மைதானம் இல்லையென்றால் என்ன? கோயில் மண்டபம் என்றார்கள். நிழல் உண்டு, தரை நன்றாக இருக்கும். ஆனால் மாதவிலக்கு நாளில் பிள்ளைகள் வர மாட்டார்கள். வராத நாளை வைத்து ஊரே கணக்குப் போட்டுவிடும். சாவடி என்றார்கள். சாவடி ஒரு தெருவுக்குச் சொந்தமானது. அங்கே வைத்தால் இன்னொரு தெருப் பிள்ளைகள் வர முடியாது, வந்தாலும் படியில்தான் உட்காருவார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். வேப்பமரம், திண்ணை, குழாய், எல்லாவற்றையும் விட முக்கியம், உள்ளே தாழ்ப்பாள் போடும் கக்கூஸ். தாழ்ப்பாள், வாளி, தண்ணீர், மூடி போட்ட குப்பைத் தொட்டி, இந்த நான்கும் இல்லாத இடத்தில் ஒரு வளர்ந்த பிள்ளையை இரண்டு மணி நேரம் வைத்திருக்க முடியாது. நான் எந்த விளையாட்டு லிஸ்ட்டிலும் இதைப் பார்த்ததில்லை. நானும் முதல் வருடம் எழுதவில்லை.

இனி அனுமதி. ஏழு பேராகக் குறைந்ததில் என் விழிப்புணர்வுக்குப் பங்கு உண்டு என்று சொன்னேன். ஆனால் எல்லாரும் அலுத்துப்போய் நிற்கவில்லை. நான்கைந்து பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை, "எதுக்குக்கா" என்று கேட்டவள். அவள் வயதுக்கு வந்து, சடங்கு வைத்து, பந்தல் பிரித்து, மறு வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எங்களிடம் மட்டும் வரவில்லை.

நற்றிணையில் 68ஆம் பாட்டு இதைப் பற்றியதுதான். தோழி பேசுகிறாள். விளையாட்டுத் தோழிகளோடு ஓரை ஆடாமல் இளம்பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைப்பது அறமும் இல்லை, வீட்டுச் செல்வமும் தேயும் என்று தாய்க்கு எடுத்துச் சொல்ல ஆள் கிடைத்தால், நாமும் புதுவெள்ளத்தில் போய் ஆடலாமே என்பது அவள் ஆசை. இந்த அடைப்புக்கு இலக்கணத்தில் பெயரே இருக்கிறது: இற்செறிப்பு. நான் வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். தலைவன் பகலில் வந்து பார்க்கும் இடம் அடைபட்டது, அதனால் வரைவு கடாவுதல் என்று கேள்வி பதிலாக நடத்திவிட்டுப் போய்விடுவேன். அந்தப் பிள்ளை வீட்டு வாசலில் நின்றபோதுதான், சொல்ல ஆள் இல்லை என்கிற பாட்டில் அந்த ஆளாக இப்போது நான் நிற்கிறேன் என்று தோன்றியது. வாய் வரவில்லை.

அவள் அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "பெரிய பிள்ளையாயிட்டாள்ல டீச்சர். இனிமே என்ன ஆட்டம்?" நான் விளையாட்டின் நன்மைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். நல்லவேளையாக உள்ளேயிருந்து அப்பத்தா குறுக்கே வந்தது. "அவ ஆடுறதுக்கு என்னத்தா. டீக்கடை முக்குல நிக்கிற பயலுகளுக்குல்ல பயந்துக்கிட்டிருக்கா" என்றது.

அதுதான் விஷயம். பயம் ஆட்டத்தைப் பற்றியது இல்லை, வழியைப் பற்றியது. வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் வரை நடுவில் டீக்கடை, பஸ் ஸ்டாப். பள்ளி நாளில் கூட்டமாகப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை தனியாக வர வேண்டும். இது தெரிந்த பிறகு திட்டத்தை மாற்றினோம். மூன்றரைக்கு ஆரம்பம் என்று எழுதுவதை விட்டுவிட்டு, மூன்று பத்துக்கு ஊர்க்கடைசி வீட்டில் ஆரம்பம் என்று எழுதினோம். கடைசி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் கிளம்பி அடுத்த வீட்டு வாசலில் கூப்பிடுவார்கள், மூன்று பேராகி அடுத்த தெருவுக்குப் போவார்கள். டீக்கடை முக்குக்கு வரும்போது பதினைந்து பேர் இருப்பார்கள். திரும்பும்போதும் இதே வரிசை, தலைகீழாக. சின்னப் பிள்ளைகள் இதையே விளையாட்டாக்கி, ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு விதமாகக் கை தட்டிக் கூப்பிடுகிறார்கள். அந்தந்த வீட்டுக்கு அந்தந்தத் தட்டு. வேண்டாம் என்று சொல்லும் அம்மாவுக்கும் வாசலில் பத்துப் பேர் நின்று கை தட்டும்போது சொல்வது கஷ்டம்.

அவள் ஏழு வாரம் கழித்து வந்தாள். நிறுத்தப்பட்டவர்களில் இரண்டு பேர் வரவே இல்லை. ஒரு குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது. இன்னொரு வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை.

வந்த பிறகும் ஒன்று இருக்கிறது. மாதத்தில் சில நாள் ஓட முடியாது, ஓடப் பிடிக்காது. அதை யாரும் சொல்லவும் வேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. எங்கள் வழி: எந்த ஞாயிறு ஆனாலும் ஓடுகிற ஆட்டம் ஒன்று, உட்கார்ந்து ஆடுவது ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். வேப்பமரத்தடியில் பல்லாங்குழிக் கட்டையும் தட்டாங்கல்லும் எப்போதும் கிடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், காரணம் கிடையாது. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தவர்கள் இப்போது வருகிறார்கள்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன்.

தேவநேயப் பாவாணர் 1954இல் "தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்" என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லாரும் அதில் இருந்துதான் ஆரம்பிக்கிறோம். விளையாட்டுகளை ஆண்பால், பெண்பால், இருபால் என்று பிரித்து, அதற்குள் பகலாட்டு, இரவாட்டு என்றும் வகுத்திருப்பார். பதிவு என்ற வகையில் அருமையான வேலை. ஆனால் அதை அப்படியே ஒரு குழுவுக்குத் திட்டமாக எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். பெண் பிள்ளைகள் என்றால் பெண்பால் பகுதி என்று போய்விட்டேன். நாட்டுப்புற ஆய்வாளருக்கு வருகிற வியாதி இது, பழசு எல்லாம் நல்லது என்று நினைப்பது. தட்டாங்கல்லும் பல்லாங்குழியும் உட்கார்ந்தபடி, வீட்டு வாசலில், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓடும் தூரத்தில் ஆடுகிற ஆட்டங்களாக இருப்பதற்குக் காரணம் பெண் பிள்ளைகளுக்கு உட்காரப் பிடிக்கும் என்பது இல்லை. அவர்களுக்குக் கிடைத்த நேரமும் இடமும் அப்படி. இதை எனக்குச் சொன்னதும் அந்த அப்பத்தாதான். "ஆடு மேய்க்கப் போன எடத்துல நாங்க மரத்துக்கு மரம் ஏறித் தொட்டு வெளாடுவோம். வீட்டுக்கு வந்தாத்தான் கல்லு" என்றது.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. தோற்றவள் எவ்வளவு நேரம் சும்மா உட்கார வேண்டும்? மியூசிக்கல் சேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர், பத்தொன்பது நாற்காலி. முதல் சுற்றில் வெளியே போகிறவள் மீதிப் பதினெட்டுச் சுற்றும் வேடிக்கை பார்க்க வேண்டும். அவள்தான் அன்றைக்கு மெதுவான பிள்ளை, கூச்சப்படுகிற பிள்ளை, அதிகம் ஆட வேண்டியவள். அவளைத்தான் முதலில் அனுப்பிவிடுகிறோம். இதையே மாற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் நாற்காலியை மட்டும் எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். எல்லாரும் எப்படியாவது மிச்ச நாற்காலியில் உட்கார வேண்டும், கால் தரையில் படக்கூடாது. பத்து நாற்காலியில் இருபது பேர் உட்காரும்போது ஆரம்பிக்கிற சிரிப்பு ஐந்து நாற்காலிக்கு வரும்போது பள்ளிக்கூடத்துக்கு வெளியே கேட்கும். தெருப் பாகுபாடு எல்லாம் அந்த ஐந்து நாற்காலியில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்து போய்விடும், ஐந்து நிமிடத்துக்காவது.

கோகோ நல்லது. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தாலும் அந்த உட்காருவதே ஆட்டம். எந்த நிமிடமும் முதுகில் தட்டு விழும். கிளித்தட்டு நல்லது, சின்னப் பிள்ளை கூடத் தன் கோட்டைக் காக்கலாம். பல்லாங்குழி பதினொரு வயதும் பதினேழு வயதும் சரிசமமாக மோதக்கூடிய ஆட்டம். ஒரு பக்கம் ஏழு, மொத்தம் 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 முத்து. நான்கு சேர்ந்தால் பசு என்று குழிக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும், கவனிக்காமல் விட்டால் போயிற்று. எங்கள் குழுவில் இதில் யாராலும் வெல்ல முடியாத ஆள் ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளை. பள்ளியில் கணக்கில் அவள் பாஸ் மார்க்கைத் தாண்டியதில்லை.

ஆட்டத்தை யார் முடிவு செய்வது என்பது அடுத்த கேள்வி. நான் கையைத் தூக்கச் சொல்லி ஓட்டெடுத்தேன். பெரிய பிள்ளை ஒருத்தி கை தூக்கியதும் மற்ற கைகள் எல்லாம் எழுந்தன. பிறகு கொட்டாங்குச்சிக்கு மாறினோம். ஒவ்வொரு கொட்டாங்குச்சியிலும் ஓர் ஆட்டத்தின் படம், ஆளுக்கு மூன்று கொட்டை, வகுப்பறைக்குள் ஒவ்வொருத்தியாகப் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். எண்ணிப் பார்த்தால் நான் நினைத்த எதுவும் மேலே வரவில்லை. முதலில் சைக்கிள். இரண்டாவது சினிமாப் பாட்டுக்கு டான்ஸ். மூன்றாவது சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது.

ராஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதிய ஒரு சிறு நூலில், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்திருப்பார். கீழே உள்ள மூன்று படியும் பங்கேற்பே இல்லை என்பது அவர் கட்சி. அந்த மூன்றில் ஒன்றின் பெயர் அலங்காரம். பெரியவர்கள் நடத்தும் காரியத்துக்குப் பிள்ளைகளை அழகுக்கு நிறுத்துவது. ஆண்டு விழாவில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் தாவணி கட்டிவிட்டு நான் கும்மி அடிக்க வைத்த போட்டோ ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இந்த ஏணியைப் பார்த்தால் எனக்கு இரண்டாம் படி. டான்ஸுக்கு ஒத்துக்கொண்டேன். பாட்டை அவர்களே எடுத்தார்கள், ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு ஆடினார்கள். எனக்கு உள்ளே இடம் இல்லை, திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். யார் பார்க்கவும் ஆடாத ஆட்டம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இங்கே போட்டோ பற்றி ஒரு வார்த்தை. உதவிக்கு வந்த ஒரு பெண் நல்ல மனதோடுதான் கோகோ படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். ஒரு பிள்ளையின் சித்தப்பா பார்த்துவிட்டு வீட்டில் சத்தம் போட்டார். அவள் மூன்று வாரம் வரவில்லை. அன்றிலிருந்து செல்போன் எல்லாம் ஒரு பையில், பை பூட்டின அலமாரியில். பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேர், இரண்டும் பெண்கள், ஒருத்தர் மட்டும் ஒரு பிள்ளையோடு தனியாக எங்கும் போவதில்லை. 1098 என்ற எண்ணைச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறோம். குழந்தைகள் உதவி எண் அது. நான் அதைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை, எழுதியிருப்பதைப் பார்த்து அவர்களாகத்தான் கேட்டார்கள்.

சமையல் விஷயம் நான் மறைத்த விஷயம். கூட்டாஞ்சோறு என்றால் ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரே பானை. இரண்டு தெருப் பிள்ளைகள் ஒரே பானைச் சோறு தின்றால் சில வீட்டில் பிரச்சினை வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் திட்டத்தில் இருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, அடுப்பு வசதி இல்லை என்று சொன்னேன். பெரிய பிள்ளை ஒருத்தி, "எதுக்குன்னு எங்களுக்குத் தெரியும்க்கா" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தை மாதம் அவர்களே ஒரு யோசனை கொண்டுவந்தார்கள்: பனங்கிழங்கு. சோறு இல்லை, அவித்த கிழங்கு, உரித்துத் தின்பது. மூன்று கல்லை வைத்து ஒரே பானையில்தான் அவித்தார்கள். அந்த வாரம் குழுவில் இருந்த இருபத்தொரு பேரில் பதினேழு பேர் வந்தார்கள். வராத நான்கு பேர் வீட்டுக்கு நான் போகவில்லை. போயிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சோறு இன்னும் பொங்கவில்லை.

குழுவைப் பிரிப்பதற்குச் சாரணியர் இயக்கத்தில் இருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பையன்களுக்காக நடந்த சாரணர் கூட்டத்துக்குச் சில பெண் பிள்ளைகள் அழைக்காமலே வந்து, எங்களையும் சேருங்கள் என்று நின்றார்கள். அதற்குப் பிறகுதான் பெண்களுக்கான இயக்கம் வந்தது. அவர்களிடம் ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி, அந்த அணிக்கு அவர்களில் ஒருத்தியே தலைவி என்று ஒரு முறை உண்டு. நாங்கள் ஏழு ஏழாகப் பிரித்தோம், ஒவ்வொன்றிலும் எல்லா வயதும், எல்லாத் தெருவும். வாரம் ஒரு ஜோடி நடத்த வேண்டும், ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். விதியை விளக்குவது சின்னவள் வேலை. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பது மட்டும் நான் சொன்ன விதி. அலுக்கும் வரை ஆடிவிட்டால் அடுத்த வாரம் அதைத் தொட மாட்டார்கள்.

கடைசியாகச் சைக்கிள். பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கிறது. எங்கள் குழுவில் பெரிய பிள்ளைகள் நான்கு பேர் வீட்டில் அந்தச் சைக்கிள் நின்றது. இரண்டு பேருக்கு ஓட்டத் தெரியாது, தம்பி ஓட்டுகிறான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பல்லாயிரம் பெண்கள் பழகினார்கள். முப்பது வருடம் கழித்தும் நாங்கள் முதலில் இருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

ஒருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிற பழைய முறை வேண்டாம். பிடித்திருப்பவள் விட்டதும் பயம் வந்து விழுவார்கள். சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதியும்படி வைக்க வேண்டும். பெடல் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். இலேசான சரிவில் உட்கார்ந்து, காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். தள்ளு நீளமாகும், கால் தானாகத் தூக்கும். இரண்டு காலையும் தூக்கியபடி மரத்தில் இருந்து கொடிக்கம்பம் வரை உருண்டு வந்துவிட்டால் பேலன்ஸ் வந்துவிட்டது, பெடலை மாட்டலாம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் நாளே அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். பிரேக்கை மட்டும் ஏறுவதற்கு முன்பே கையால் பழக்கிவிடுங்கள். துப்பட்டா, தாவணி எதுவும் செயின் பக்கம் தொங்கக் கூடாது.

தோழிக்கு இவ்வளவும் போனில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதினேன். முதல் வருடச் செலவு 640 ரூபாய்: ரப்பர் பந்து இரண்டு, கயிறு, சாக்பீஸ், பினாயில், ஒரு தாழ்ப்பாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் சைக்கிள். பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று யாரிடமாவது இரவல் வாங்க வேண்டும். போன தடவை இடது பெடல் கழலவில்லை என்று சுத்தியலை எடுத்துவிட்டார்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுற்றுகிற பக்கம் சுற்றினால்தான் கழலும். இதைச் சின்னவள்தான் எல்லாருக்கும் விளக்கப் போகிறாள்.